ரோம் நூலகத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்த அகராதி: தனிநாயகம் அடிகளாரின் தேடல் வாழ்க்கை

1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஓர் அகராதி வெளிவந்தது. அது புதிதாகத் தொகுத்ததல்ல. 1679-இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி. தொகுத்தவர் அந்தாம் தெ புரோயென்சா என்ற இயேசு சபைக் குரு. அவர் 1666-லேயே இறந்துவிட்டார். தம் உழைப்பு அச்சில் வந்ததைப் பார்க்கவில்லை. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த நூலின் பிரதி ஒன்றே ஒன்றுதான் உலகில் இருப்பதாகத் தெரிந்தது. அது தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. ரோமில், வத்திக்கான் நூலகத்தில் இருந்தது.

1954-இல் அங்கே அதைக் கண்டெடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பழைய பக்கங்களை அப்படியே படமாக எடுத்து நூலாக்கி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். முதல் உலகத் தமிழ் மாநாட்டை நம் நாட்டில் நடத்தியவர் என்றே நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அது அவருடைய பணியின் ஒரு பாதி. மற்றொரு பாதி நூலகங்களில் நடந்தது. எங்கோ பூட்டிக் கிடந்த தமிழ் நூல்களைத் தேடுவது, இருக்கும் இடத்தை எழுதி வைப்பது, நகல் எடுத்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்வது - இதை அவர் தம் வாழ்நாள் வேலையாகச் செய்தார். இன்று பல்கலைக்கழகத்தில் தமிழாய்வு செய்யும் நம் பிள்ளைகள் அந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

தமிழைப் பிந்திக் கற்றவர்

அடிகளார் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில், கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். இரண்டிலும் ஆங்கிலக் கல்விதான். கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என்று கொழும்பில் குருமடத்தில் சேர்ந்தார். 1934-இல் ரோம் சென்று ஐந்தாண்டு படித்தார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவின் பண்டைய கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி அங்கே ஆய்வு செய்தார். இலத்தீனும் இத்தாலியமும் அவருக்குக் கைவந்த மொழிகளாயின. பிறகு மற்ற ஐரோப்பிய மொழிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இத்தனை மொழிகளில் புழங்கியவருக்குத் தமிழ் இலக்கியம் அப்போது அதிகம் தெரியாது. ரோமிலிருந்து திரும்பிய பின், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடத்தில் தமக்குத் தாய்மொழி போதவில்லை என்பதை உணர்ந்தார். பள்ளியில் இருந்த தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கியமும் இலக்கணமும் படிக்கத் தொடங்கினார். முப்பது வயதைக் கடந்த பிறகு, 1945-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அதன்பின் சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்து, அடுத்த பட்டமும் பெற்றார்.

பிந்திக் கற்றது அவருக்கு ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இலத்தீனும் போர்த்துக்கீசியமும் தெரியாது. அந்த மொழிகள் தெரிந்த ஐரோப்பியர்களில் தமிழ் அறிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு பக்கமும் தெரிந்தவராக அவர் நின்றார்.

ஐரோப்பிய நூலகங்களின் வாசலில்

1952-இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளரானார். அதே ஆண்டு 'தமிழ்ப் பண்பாடு' என்று பொருள்படும் பெயருடைய ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்டவர்கள் உண்டு. காரணம் எளிது. உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்று இருந்த காலம் அது. தமிழில் எழுதினால் தமிழர் மட்டுமே படிப்பார்கள். பாரிசிலும் பிராகாவிலும் லண்டனிலும் இருக்கும் பேராசிரியர்களுக்குத் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர்களுடைய நூலக அலமாரிக்குப் போய்ச் சேரும் இதழ் வேண்டும்.

1954-இல் ஐரோப்பாவில் இருந்தபோது அங்குள்ள நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடினார். லிஸ்பனில், 1554-இல் அச்சான கிறிஸ்தவ வினா விடைச் சிறுநூலைப் பார்த்தார். தமிழ் வாக்கியங்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பும் சேர்த்த நூல் அது. அந்த நூலுக்கு அப்போது சரியாக 400 வயது. ரோமில் புரோயென்சாவின் அகராதி கிடைத்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பணி செய்த என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 1586-இல் தமிழெழுத்தில் அச்சிட்ட புனிதர் வரலாற்று நூலும் வத்திக்கான் நூலகத்திலேயே இருந்தது. அதே என்றீக்கசு 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கச் சிறுநூல், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது.

அச்சுக்கலை இந்தியாவுக்குள் வந்தபோது இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அந்தப் பெருமைக்குச் சான்றான நூல்கள் எவையும் தமிழர் கையில் இல்லை. லிஸ்பன், ரோம், பாரிஸ், ஹார்வர்ட் என்று சிதறிக் கிடந்தன.

அவற்றைத் தேடுவதும் லேசான வேலை அல்ல. பழைய ஐரோப்பிய நூற்பட்டியல்களில் நம் மொழியின் பெயர் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் தமுல். சிலவற்றில் தமுலிக்கோ. இன்னும் சிலவற்றில் தமுலிக்கா. பலவற்றில் மலபார் மொழி என்று இருக்கும். அந்தக் காலத்து ஐரோப்பியர் பலர் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். தமிழ் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலைப் புரட்டுபவருக்கு ஒன்றும் அகப்படாது. நூலை எழுதியவரின் போர்த்துக்கீசியப் பெயரைத் தெரிந்து தேட வேண்டும். பட்டியலில் உள்ள இலத்தீன் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இலத்தீன் படித்த குருவாகவும் சங்க இலக்கியம் படித்த தமிழராகவும் இருந்ததால் அடிகளாரால் இது முடிந்தது.

கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1954-இலும், தமிழில் அச்சான முதல் நூல்களைப் பற்றி 1958-இலும் தம் இதழில் கட்டுரை எழுதினார். எந்த நூல் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டால், அடுத்தவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. இதற்கிடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில், பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

மக்கள் பணம் கொடுத்து வளர்த்த துறை

இங்கே மலாயாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற விவாதம் எழுந்தது. இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். எனவே தமிழே இருக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நகரத்துச் சிறு வணிகர்களும் கொடுத்தார்கள். அந்தப் பணம் துறையின் தமிழ் நூலகத்துக்கு உதவியது.

அந்நாளில் ஒரு வெள்ளி தோட்டத் தொழிலாளிக்குச் சிறிய தொகை அல்ல. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அல்லர். அந்த நூல்களைத் தாங்கள் ஒருநாளும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

1956-இல் துறை தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. இப்படி உருவான துறைக்குத்தான் 1961-இல் தனிநாயகம் அடிகளார் பேராசிரியராகவும் தலைவராகவும் வந்து சேர்ந்தார்.

கோலாலம்பூரில் எட்டு ஆண்டுகள்

1969 வரை அவர் இங்கே இருந்தார். கலைப்புல முதல்வர் பொறுப்பையும் வகித்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்குவதில் முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் முதல் தலைவர். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் அடிகளாரும் பொதுச் செயலாளர்கள். 1966 ஏப்ரலில் முதல் மாநாடு கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார்.

மாநாடு என்றால் நமக்கு ஊர்வலமும் மேடைப் பேச்சும் நினைவுக்கு வரும். அடிகளார் அதை ஆராய்ச்சி மாநாடாகவே நடத்தினார். முடிந்த பிறகு கட்டுரைகளைச் சேர்த்து 1968-இலும் 1969-இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். கூட்டத்தில் பேசியது காற்றோடு போய்விடும். நூலாகி நூலக அலமாரியில் ஏறினால்தான் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குப் பயன்படும். அந்தத் தொகுதிகளை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மாநாடு நடந்த அதே 1966-இல் இன்னும் இரண்டு வேலைகள் முடிந்தன. ஒன்று, தொடக்கத்தில் சொன்ன அகராதி. மற்றது, மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூற்பட்டியல். தமிழ் மொழி, இலக்கியம், வரலாறு, சமயம், கலை ஆகியவை குறித்து ஆங்கிலம் முதலான பிற மொழிகளில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் துறை வாரியாகப் பிரித்து அடிகளார் அதில் கொடுத்தார்.

நூற்பட்டியல் என்பது படிக்கச் சுவையான நூல் அல்ல. பெயர், ஆசிரியர், ஊர், ஆண்டு, பக்கம் - அவ்வளவுதான். ஆனால் இணையமும் கணினியும் இல்லாத அந்தக் காலத்தில், ஓர் ஆய்வு மாணவருக்கு முதல் தடை என்ன எழுத வேண்டும் என்பது அல்ல. தம் பொருளில் ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாததே முதல் தடை. அது தெரிந்துவிட்டால், தம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் வாங்கித் தரும்படி நூலகரிடம் கேட்கலாம். அச்சில் இல்லாத நூலானால் அது உள்ள நூலகத்துக்கு எழுதி, நுண்படச் சுருளோ ஒளிநகலோ பெறலாம். இவை எல்லாவற்றுக்கும் நூலின் பெயர் முதலில் கையில் இருக்க வேண்டும். ஆயிரம் பெயர்களை அடிகளார் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே பிரதி என்ற ஆபத்து

மலாயாவை விட்ட பிறகும் அவர் ஓயவில்லை. 1970-இல் பாரிசில் நடந்த மூன்றாம் மாநாட்டின் கட்டுரைகளைப் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவுடன் சேர்ந்து பதிப்பித்தார். முதுமையில் யாழ்ப்பாணம் திரும்பினார். 1980 ஏப்ரலில், தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரை ஆற்ற அழைத்தபோது, அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாய்வு வந்த வழியும் இனிப் போக வேண்டிய வழியும். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலமானார். அவருக்கு வயது 67.

ஒன்பது மாதம் கழித்து, 1981 மே 31-ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணம் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகளும், பழைய யாழ்ப்பாண இதழ்களும், வேறெங்கும் கிடைக்காத பிரதிகளும் அவற்றில் அடக்கம். அடிகளார் அதைப் பார்க்கவில்லை.

நூலகத்தின் கட்டடத்தைப் பின்னர் மீண்டும் கட்டினார்கள். பல இடங்களில் பிரதி உள்ள நூல்களைத் திரும்ப வாங்கவும் முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை போனவை போனவைதான். புரோயென்சாவின் அகராதிக்கு இனி அந்தக் கதி நேராது. மூலம் ரோமில் இருந்தாலும், 1966-இல் வெளியான கோலாலம்பூர்ப் பதிப்பு பல நாட்டு நூலகங்களில் இருக்கிறது. நகல் எடுப்பதும் பட்டியல் போடுவதும் ஒரு நூலின் உயிரைக் காக்கும் வேலை என்பது இந்த இரண்டு நூலகங்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

இன்று தேடும் பிள்ளைகளுக்கு

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுகிறார்கள். தமிழ்ப்பள்ளி வரலாறு, தோட்டப்புற வாழ்க்கை, மலேசியச் சிறுகதை என்று நம்மைப் பற்றிய பொருள்களையே எடுக்கிறார்கள். நூலகப் பட்டியல் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் இல்லாத நூலை இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வரவழைக்கும் ஏற்பாடும் உண்டு. நூலகரிடம் போய்க் கேட்டால் போதும். பல மாணவர்கள் கேட்பதில்லை. தேடுபொறியில் வரவில்லை, ஆகவே நூல் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அடிகளார் பட்ட பெயர்ச் சிக்கல் இன்றும் தீரவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி இல்லை. அவருடைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தனி, நாயகம் என்று பிரித்து எழுதியிருப்பார்கள், சேர்த்தும் எழுதியிருப்பார்கள், சேவியர் என்ற பெயரிலும் பதிந்திருப்பார்கள். ஒரு வடிவத்தில் கிடைக்காவிட்டால் இன்னொரு வடிவத்தில் தேட வேண்டும். கிடைத்த நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்து அங்கிருந்து அடுத்த நூலுக்குப் போக வேண்டும். அடிகளார் செய்ததும் இதுதான். அவருக்குக் கப்பல் பயணம் தேவைப்பட்டது. நமக்குச் சிறிது பொறுமை போதும்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்கு வந்தபோது, தோட்டத்துக் கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்க அறிக்கை, இளைஞர் மன்றம் அச்சிட்ட சிறு இதழ் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வந்தன. அவற்றுள் எத்தனையோ எந்த நூலகத்திலும் இல்லாதவை. தாத்தா இறந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவை பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. போடும் முன் ஒருமுறை பல்கலைக்கழக நூலகத்தையோ, இந்திய ஆய்வியல் துறையையோ கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியில் படமாவது எடுத்து வையுங்கள்.

ஒரு வெள்ளி கொடுத்த அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளையோ கொள்ளுப்பேரப்பிள்ளையோ மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால், அடிகளார் பதிப்பித்த அகராதியைக் கேட்டு வாங்கி, 1679-ஆம் ஆண்டின் தமிழ் எழுத்துகளைப் பார்க்கலாம்.